கையுறைக்குள் ஒரு கை

டிக்கோயாவில் கொழுந்தை நிறுக்கும் தராசு, கொய்த கையின் வெடிப்பை அறியாது. உழைப்பவரின் தோற்புண்ணை நோயாகவே எண்ணாத இப்பழக்கம் தேயிலை மலையோடு நிற்பதன்று. நோய் தீர்க்கும் இடத்திலும் அது குடிகொண்டுள்ளது.

இவ்வூரின் கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு, இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. மூன்றாண்டு நிறையுமுன் கொவிட் தொற்று நாட்டினுள் புகுந்தது. தாதியரும் சிற்றூழியரும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து மணிக்கணக்கில் பணிபுரிய வேண்டியதாயிற்று. 2020 இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் வினவப்பட்ட 542 மருத்துவ ஊழியருள் 526 பேர் தோல் பாதிப்புற்றிருந்தனர். தொற்றினின்று காத்த கவசமே மூக்குத்தண்டிலும் கைகளிலும் புண் செய்தது.

இக்கையுறை பிறந்த கதையை நாம் நினைவுகூர வேண்டும். 1889–90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கரோலின் ஹம்ப்டன் என்னும் தாதியின் கைகள் பாதரசக் கிருமிநாசினியால் அழற்சியுற்றன. அதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், அவருக்காக மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். நோயாளியையும் அது கிருமியினின்று காக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆகவே, அங்கு அது முதலில் காத்தது உழைக்கும் ஒரு பெண்ணின் தோலையே.

அவ்வாறு பிறந்த கையுறை, 1980களில் எயிட்ஸ் அச்சத்தால் உலகெங்கும் பெருகியது. அத்துடன் துன்பமும் பெருகியது. இறப்பர்ப் பாலின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தந்தது; பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனங்கள் வேறு சிலரின் தோலைத் தாக்கின. உள்ளே தூவிய மா, புரதத்தைக் காற்றிலும் பரப்பியது. மா தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 இல் தடைசெய்தது. இவற்றோடு, ஓயாது கழுவும் சவர்க்காரமும், ஈரங்காயுமுன் அணியும் அவசரமும், உள்ளே தேங்கும் வியர்வையும் சேர்ந்தால் எந்தக் கைதான் தாங்கும்?

பரிகாரம் அரியதன்று. உலர்ந்த கையில் அணிதல், தோலுக்கு ஈரப்பசை தரும் களிம்பு, ஒவ்வாதவர்க்கு மாற்றுக் கையுறை, இடையிடையே கவசத்தைக் கழற்ற ஓய்வு ஆகியவை போதும். ஆனால் இவை ஒரு நல்ல மருத்துவரின் இரக்கத்தால் ஒரு தாதிக்கு மட்டும் கிட்டினால் போதாது. தளம் கழுவும் சிற்றூழியருக்கும் உரிமையாகக் கிட்ட வேண்டும். தோற்புண்ணைத் தொழில்நோயாகப் பதிவுசெய்வதே அதற்கு முதற்படி என்று நாம் கருதுகிறோம். பதிவில் ஏறாத வலிக்கு மருந்து வாங்க எவரும் பணம் ஒதுக்குவதில்லை. தராசின் முன் நின்ற தலைமுறைகளிடமிருந்து மலையகம் கற்ற பாடம் இது.