வதந்தி வளர்ந்த கதை

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர் வாயின் வேலையை முதலில் செல்போன் எடுத்துக் கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு எடுத்துக் கொண்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது.

சீனப் பட்டாசில் கார்பன் மோனாக்சைடு நிரப்பியிருக்கிறார்கள், வெடித்தால் ஆஸ்துமா வரும் என்று உள்துறை அமைச்சகத்தின் பெயரில் ஒரு செய்தி பல தீபாவளிகளுக்கு வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் அறிவித்தது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிவகாசி பக்கம் இந்தக் கதை எடுபடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி கலந்த மருந்தைத்தான் காகிதக் குழாயில் அடைக்கிறார்கள், வாயுவை அல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். விஷயம் தெரிந்த ஊரில் பொய் நிற்காது. தெரியாத ஊரில்தான் அது பிழைக்கும்.

2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அப்போது நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். அதைச் சொல்லும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. தமிழ்நாட்டைக் கண்ணால் பார்க்காத குடும்பங்கள் அங்கே பயந்து போயிருந்தன.

இந்த இரண்டிலும் படம் உண்மை, கதைதான் பொய். மூலப் படத்தைத் தேடிப் பிடித்தால் பொய் உடைந்து விடும்.

2024 ஜனவரியில், 2018-ல் மறைந்த மு. கருணாநிதி சென்னையில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். செயற்கை நுண்ணறிவில் செய்த வீடியோ என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது அது. ஆனால் அதே கருவியை ஏமாற்றவும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்த படத்துக்குத் தேடிப் பிடிக்க மூலம் எதுவும் இருக்காது. தெரிந்த குரலிலேயே பேசுவதால் விஷயம் தெரிந்த ஊரும் ஏமாறும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவப் போனவர்களும் அதில் உண்டு. அப்படி ஒரு விபத்து இனி நடந்தால், பொய்யான வெடிப்புப் படம் ஊரைக் கலங்கடிப்பது ஒரு ஆபத்து. உண்மையான படத்தையே "இது கம்ப்யூட்டரில் செய்தது" என்று பொறுப்பானவர்கள் தள்ளி விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. பொய்யை நம்பாமல் இருக்கப் பழகும்போது, உண்மையையும் நம்பாமல் போய்விடக் கூடாது. படம் எடுத்தவர் யார், எந்த நாள், எந்த இடம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வதே இரண்டுக்கும் மருந்து.