ஒரே எண்ணிக்கை, மூன்று தீர்ப்புகள்
டார்ம்ஸ்டாட் கழகமும் பருவத்தின் கடைசி ஆட்டங்களும்

உதைபந்தாட்டத்தில் வெற்றியாளரைத் தெரிவு செய்வதற்கு உலகெங்கும் இரண்டு முறைகள் கைக்கொள்ளப்பட்டு வருகின்றன. ஒன்று புள்ளிமுறை, மற்றையது விலகல் முறை. எமது ஊர்களில் கழகங்கள் நடத்திய சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலானவை விலகல் முறையில் அமைந்தவை என்பதை வாசகர்கள் நன்கறிவர். தோற்ற அணிக்கு அன்று மாலையுடன் எல்லாம் முடிந்துவிடும். மறுவாய்ப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஜேர்மனியில் வளரும் எமது பிள்ளைகளோ புள்ளிப் பட்டியலைப் பார்த்தே ஆட்டத்தைப் பழகியவர்கள். 18 கழகங்கள் ஓராண்டு முழுவதும் ஆடுகின்றன. 34 ஆட்டங்களின் முடிவில் அதிக புள்ளி பெற்ற கழகமே சம்பியன். அதற்குமேல் இறுதியாட்டம் என்று ஒன்று இல்லை. ஆயினும் பருவம் முடிந்த பின்னர் இங்கும் ஒரு விலகல் ஆட்டம் உண்டு. அது கிண்ணத்துக்கானதன்று, வாசற்படிக்கானது. மேற்பிரிவில் கடைசிக்கு முன்னைய இடங்களில் தத்தளித்த கழகமும் கீழ்ப்பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற கழகமும் நேருக்கு நேர் மோதி, யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்த்துக்கொள்கின்றன. ஜேர்மனியர் இதனை 'ரெலகாட்சியோன்' என்பர். நாம் இதனைத் தரநிர்ணய ஆட்டம் எனலாம். இவ்வாட்டத்தின் கசப்பையும் இனிப்பையும் ஒருங்கே கண்ட நகரம் நாம் வாழும் டார்ம்ஸ்டாட் ஆகும்.

விலகல் முறையிலிருந்து புள்ளிமுறைக்கு

ஜேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம் 1900 ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் நிறுவப்பட்டது. 1903 இல் முதலாவது தேசிய இறுதியாட்டம் நடைபெற்றது. லைப்சிக் கழகம் பிராக் நகரின் ஜேர்மன் கழகத்தை 7–2 என வென்றது. அன்று முதல் அறுபது ஆண்டுகள் பிராந்திய வெற்றியாளர்கள் பருவத்தின் முடிவில் ஒன்றுகூடித் தம்முள் மோதியே தேசிய சம்பியனைத் தீர்மானித்தனர். ஆட்டம் சமநிலையானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அக்காலத்து விதிகளில் தெளிவான விடை இருக்கவில்லை. 1922 இல் ஹம்பூர்க், நூரன்பேர்க் அணிகள் பேர்லினில் மோதிய இறுதியாட்டம் 189 நிமிடங்கள் நீண்டு, இருள் சூழ்ந்தமையால் முடிவின்றி நிறுத்தப்பட்டது. லைப்சிக்கில் நடந்த மறு ஆட்டத்தில் நூரன்பேர்க் அணி ஏழு பேராகக் குறைந்துபோக, அதுவும் கைவிடப்பட்டது. பட்டம் ஹம்பூர்க்கிற்கு வழங்கப்பட்டபோது அக்கழகம் அதனை ஏற்காது விட்டது.

இம்முறையில் கழகங்களுக்கு நிலையான வருமானம் இருக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றால் அவ்வாண்டின் பெரிய ஆட்டங்கள் அத்துடன் முடிந்துவிடும். ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுக்க விரும்பும் கழகத்துக்கு அது ஒவ்வாது. எனவே 1962 இல் டோர்ட்முண்ட் நகரில் கூடிய சங்கம், நாடு தழுவிய புள்ளிமுறைப் போட்டியைத் தொடங்க முடிவு செய்தது. 1963 ஓகஸ்ட் மாதம் 16 கழகங்களுடன் புண்டஸ்லீகா பிறந்தது.

வேறு நாடுகள் வேறு வழியைத் தேர்ந்தன. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தொழில்முறைப் போட்டிகளின் பட்டம் பருவத்தின் பின்னர் நடக்கும் விலகல் சுற்றிலேயே வழங்கப்பட்டு வந்துள்ளது. 2018 மார்ச் மாதம் இந்தியாவில் புள்ளிப் பட்டியலின் உச்சியில் நின்ற பெங்களூரு அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுசென்றது சென்னை அணி. தமிழர் மகிழ்ந்தனர். பெங்களூருக்காரர் மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரே இரவில் இழந்தனர்.

ஜேர்மனியில் விலகல் முறையின் பரபரப்பு 1982 இல் வாசற்படி வழியாகத் திரும்பி வந்தது. முதலாம் பிரிவில் 16 ஆம் இடத்தவரும் இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடத்தவரும் மோத வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1986 இல் புகழ்பெற்ற டோர்ட்முண்ட் கழகமே இவ்வாசலில் விழவிருந்தது. கடைசி நிமிடத்தில் போட்ட கோலினால் மூன்றாவது ஆட்டத்துக்கு வழி கிடைக்க, அதில் கோல்ன் நகரின் பொர்ட்டூனா அணியை 8–0 என வென்று தப்பியது. 1991 உடன் நிறுத்தப்பட்ட இம்முறை 2009 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இம்முறை இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கிடையிலும் அது வைக்கப்பட்டது.

வேலை முடிந்து ஆடியவர்கள்

டார்ம்ஸ்டாட் கழகத்தின் பெயரிலுள்ள 98 என்னும் எண் அதன் வேர் ஊன்றிய 1898 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இன்றைய கழகம் 1919 இல் இரு கழகங்களின் இணைப்பால் உருவானது. பொல்லன்பால்ட்டோர் மைதானம் 1921 இல் திறக்கப்பட்டது. 1978 இல் இக்கழகம் இரண்டாம் பிரிவின் தென்பகுதியில் முதலிடம் பெற்று முதன்முறையாகப் புண்டஸ்லீகாவில் நுழைந்தது. பெருங்கழகங்களின் ஆட்டக்காரர் முழுநேரத் தொழிலாக ஆடிய அக்காலத்தில், டார்ம்ஸ்டாட் ஆட்டக்காரரிற் பலர் பகலில் வேறு தொழில் பார்த்து, அதன் பின்னரே பயிற்சிக்கு வந்தனர். 'வேலை முடிந்து ஆடுபவர்கள்' என்றே நாட்டினர் அவர்களை அழைத்தனர். மறு ஆண்டே கீழிறங்கினர். 1981 இல் மீண்டும் ஏறினர். 1982 இல் மீண்டும் இறங்கினர். பகல் வேலையும் இரவு வேலையுமாக உழைத்து, ஞாயிற்றுக்கிழமையில் பந்தைத் தேடிச் சென்ற எம்மவர்க்கு அந்தப் பட்டப்பெயரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சார்புறூக்கனில் போன வாய்ப்பு

1988 இல் டார்ம்ஸ்டாட் இரண்டாம் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. எதிரில் நின்றது அண்டை நகரான மன்ஹைமின் வால்ட்ஹோப் கழகம். அக்கழகத்தை 1983 இல் முதலாம் பிரிவுக்கு உயர்த்திய பயிற்றுநர் கிளவுஸ் ஸ்லாப்னர் இப்போது டார்ம்ஸ்டாட் பக்கம் நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. ஓர் ஆட்டத்தில் டார்ம்ஸ்டாட் 3–2 என வென்றது; மற்றையதில் மன்ஹைம் 2–1 என வென்றது. கூட்டித் தொகுத்தால் 4–4. அக்காலத்து விதிப்படி பொது இடத்தில் மூன்றாவது ஆட்டம் வைக்கப்பட்டது. சார்புறூக்கன் நகரில் நடைபெற்ற அவ்வாட்டத்தில் மேலதிக நேரம் முடிந்தும் எவரும் கோல் போடவில்லை. சமநிலை தவிர்ப்பு உதைகளில் மன்ஹைம் 5–4 என வென்றது. ஓராண்டு உழைப்பு ஒற்றை உதையில் போயிற்று.

அந்த ஆண்டுகளில் எம்மவரிற் பலர் புகலிடக் கோரிக்கையாளர்களாக இந்நாட்டின் விடுதிகளில் தீர்ப்பை எதிர்பார்த்திருந்தனர். 1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட எல்லையை அனுமதியின்றித் தாண்டுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. சார்புறூக்கன் வேறொரு மாநிலத்தில் உள்ளது. ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் செல்வதென்பது அன்றைய எம்மவர்க்கு ஆசைப்படக்கூடிய விடயமாகவே இருக்கவில்லை.

இறக்கம்

அதன்பின் வந்தவை மெலிந்த ஆண்டுகள். 1993 இல் இரண்டாம் பிரிவையும் இழந்த கழகம் படிப்படியாக நான்காம் பிரிவு வரை சென்றது. 2008 இல் கடன் சுமையால் முறிவுநிலையின் விளிம்பில் நின்றபோது ஆதரவாளர்கள் நிதி திரட்டித் தாங்கினர். 2011 இல் மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. 2013 மே மாதம் கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் அங்கிருந்தும் இறங்கியாக வேண்டிய நிலை. ஆனால் அண்டைக் கழகமான ஒப்பன்பாக் கிக்கர்ஸ் கழகத்துக்கு நிதி நிலையைக் காரணம் காட்டி அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டது. ஒப்பன்பாக் கீழே தள்ளப்பட, மைதானத்தில் இறங்கியிருந்த டார்ம்ஸ்டாட் காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. ஒருவருக்குக் கதவை அடைத்த அதே கடிதம் இன்னொருவருக்குக் கதவைத் திறந்தது. இதைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்பதை எம்மைவிட அறிந்தவர் எவர்?

பீலபெல்ட் இரவு

காப்பாற்றப்பட்ட கழகம், பயிற்றுநர் டிர்க் ஷூஸ்டரின் கீழ் மறு ஆண்டே மூன்றாம் இடம் பெற்றுத் தரநிர்ணய ஆட்டத்துக்கு வந்தது. டொமினிக் ஸ்ட்ரோ-எங்கல் அப்பருவத்தில் 27 கோல்களைப் போட்டிருந்தார். எதிரணி இரண்டாம் பிரிவின் பீலபெல்ட். 2014 மே 16 அன்று பொல்லன்பால்ட்டோரில் நடந்த முதலாட்டத்தில் டார்ம்ஸ்டாட் 1–3 எனத் தோற்றது. எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணினர்.

மூன்று நாட்களின் பின்னர், மே 19 அன்று பீலபெல்டில் மறு ஆட்டம். ஸ்ட்ரோ-எங்கல், பெரன்ஸ், கொண்டோர்ப் ஆகியோர் போட்ட கோல்களினால் 90 நிமிட முடிவில் டார்ம்ஸ்டாட் 3–1 என முன்னின்றது. இரு ஆட்டங்களும் சேர்ந்து 4–4. மேலதிக நேரம் தொடங்கியது. 110 ஆவது நிமிடத்தில் பீலபெல்ட் மேலும் ஒரு கோலைப் போட, மீண்டும் இருள். 120 நிமிடங்களும் கடந்து, மத்தியஸ்தரின் ஊதலுக்காக மைதானம் காத்திருந்த வேளை, 122 ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரரான எல்டன் ட கோஸ்டா தூரத்திலிருந்து உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. பிரேசிலில் பிறந்து, ஜேர்மனியின் கீழ்ப்பிரிவுகளில் நெடுங்காலம் ஆடிய அவருக்கு அப்போது வயது 34.

கூட்டுத்தொகை 5–5. ஆனால் எதிரணியின் மைதானத்தில் டார்ம்ஸ்டாட் நான்கு கோல்களும் பீலபெல்ட் மூன்று கோல்களும் போட்டிருந்தன. வெளிமைதானக் கோல்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் விதி அன்று நடைமுறையில் இருந்தமையால் டார்ம்ஸ்டாட் உயர்ந்தது. இருபத்தோர் ஆண்டுகளின் பின் இரண்டாம் பிரிவு. 2015 மே 24 அன்று சென்ட் பவுலி அணியை 1–0 என வென்று, 33 ஆண்டுகளின் பின் புண்டஸ்லீகாவிலும் கால் பதித்தது.

விதி என்னும் சொல்

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 5–5 என்னும் இதே எண்ணிக்கை 1988 இல் வந்திருந்தால் மூன்றாவது ஆட்டம் நடந்திருக்கும். 2014 இல் வந்ததால் டார்ம்ஸ்டாட் வென்றது. வெளிமைதானக் கோல் விதி 2021 இல் நீக்கப்பட்டது. எனவே அதற்குப் பின்னர் வந்திருந்தால் சமநிலை தவிர்ப்பு உதைகளே முடிவு செய்திருக்கும். ஆட்டம் ஒன்று, உழைப்பு ஒன்று, எண்ணிக்கையும் ஒன்று. ஆண்டுக்கேற்பத் தீர்ப்பு மூன்று.

தமிழில் விதி என்னும் ஒரே சொல் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். அகதி வாழ்வில் இவ்விரு பொருளும் பிரிந்து நின்றதில்லை. 1993 யூலை முதலாம் நாள் இந்நாட்டின் புகலிடச் சட்டம் மாற்றப்பட்டது. பாதுகாப்பானவை எனக் கொள்ளப்பட்ட அண்டை நாடுகளின் வழியாகத் தரைமார்க்கமாக வந்தவர், அரசியலமைப்பு தந்த புகலிட உரிமையைக் கோர முடியாதென்றாயிற்று. ஒரே ஊரில், ஒரே குண்டுவீச்சில் வீடிழந்த இருவருள் முன்னே வந்தவருக்கு ஒரு விதி. பின்னே வந்தவருக்கு வேறு விதி. பின்னே வந்தவரின் துன்பம் குறைந்ததன்று; அவர் வந்த திகதிதான் வேறு.

இதனை இங்கு எழுதக் காரணம் உண்டு. விசா கிடைத்த குடும்பம் அதனைத் தன் திறமையின் பயனென்று எண்ணுவதும், மறுக்கப்பட்ட குடும்பம் அதனைத் தன் குற்றமென்று எண்ணிக் குறுகுவதும் எம்மிடையே காணப்படும் வழக்கங்கள். இரண்டும் பிழை. டார்ம்ஸ்டாட் 1988 இல் தோற்றபோது சோம்பியிருந்ததுமில்லை. 2014 இல் வென்றது உழைப்பினால் மட்டுமன்று. உழைப்பு அவர்களை வாசல்வரை கொண்டுவந்தது. வாசலைத் திறந்ததில் விதிக்கும் பங்குண்டு.

ஆனால் ஒன்று மெய். 1988 இன் தோல்விக்கும் 2014 இன் வெற்றிக்கும் இடையில் இருபத்தாறு ஆண்டுகள் கிடந்தன. அந்த ஆண்டுகளில் எவரோ புல் வெட்டினர், எவரோ சிறுவருக்குப் பயிற்சி கொடுத்தனர், எவரோ நான்காம் பிரிவு ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கி மழையில் நின்றனர். அவர்கள் இல்லையேல் 122 ஆவது நிமிடத்தில் பந்தை உதைக்க ஓர் அணியே இருந்திராது. அன்று தோற்ற பீலபெல்டும் கலைந்துவிடவில்லை. மறு ஆண்டே மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது.

தீர்ப்பு எப்போது வரும், எந்த விதியின்படி வரும் என்பது எம் கையில் இல்லை. அதுவரை கழகத்தைக் கலைத்துவிடாது காப்பது எம் கையில் உள்ளது. எமது பிள்ளைகள் ஆடும் கழகங்களுக்கும், நாம் நடத்தும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். வாசல் திறந்து உள்ளே சென்றோர், இன்னும் வெளியே நிற்போரைத் தம் அணியினராகவே எண்ணுதல் வேண்டும்.