போனில் திறந்த கதவு

ரஞ்சன்காவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, மதுரையில் இருக்கும் பையனோடு போன் பேச்சு "சாப்பிட்டியா?" தாண்டாது. பிறந்தநாளுக்கு என்ன அனுப்புவது என்று மண்டையைக் குடைந்து, கடைசியில் 'மிஸ்ட்' வாங்கிக் கொடுத்தேன்.

1993-ல் அமெரிக்காவில் ராண்ட், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆளில்லாத தீவு, அலைச் சத்தம், பூட்டிய கதவுகள். துப்பாக்கி கிடையாது, உன்னிப்பாகப் பார்த்தால்தான் வழி பிறக்கும். 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை கம்ப்யூட்டரில் அதிகம் விற்றது இதுதானாம்! 2021-ல் புதுப்பித்தும் வந்துவிட்டது.

நம்ம புனேக்காரர்களும் சும்மா இல்லை. நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-ல் 'ராஜி' வெளியிட்டது. தம்பியைத் தேடிப் போகும் அக்கா கதை. சண்டை உண்டு, நடுநடுவே புதிர்களும் உண்டு. அடுத்த வருஷத்துக்கு அது.

இப்போ ராத்திரியானால் அவனே கூப்பிடுகிறான்: "அப்பா, அந்தக் கோபுரத்தை எந்தப் பக்கம் திருப்பணும்?"

எனக்கும் தெரியாது. அதனால்தான் பேச்சு நீள்கிறது.