நோயாளியின் சம்மதம்

நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டுபவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மேனாட்டு வைத்திய அறநூல்களிலோ அவனுடைய சொல்லுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. கிரேக்க வைத்தியர் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, வைத்தியன் தீங்கு செய்யலாகாது எனவும், நோயாளியின் மறையைப் பிறர்க்கு வெளியிடலாகாது எனவும் விதிக்கின்றது. ஆயின், செய்யப்போவது யாதென நோயாளிக்கு எடுத்துரைத்து அவன் சம்மதத்தைப் பெறல் வேண்டும் என்று அஃது ஓரிடத்தும் கூறவில்லை. நன்மை யாதென வைத்தியனே அறிவான். நோயாளி பணிந்து நடத்தலே முறை என்பது பண்டையோர் கொள்கை. இக்கொள்கை எவ்வாறு மாறிற்று என்பதையும், மாறிய பின்னரும் தீங்கு ஏன் ஒழியவில்லை என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கிருமியியல் பெருவளர்ச்சி எய்தியது. அதனோடு வைத்தியசாலை, நோய் தீர்க்கும் இடமாக மட்டுமன்றி ஆராய்ச்சிக்கூடமாகவும் மாறிற்று. பிரெசுலோ நகரின் பேராசிரியர் அல்பேட் நைசர், சிபிலிசு என்னும் மேகநோய்க்குத் தடைமருந்து காணும் நோக்கத்தோடு, 1892 ஆம் ஆண்டளவில், அந்நோயாளரின் குருதியிலிருந்து எடுத்த ஊனீரை வேறு நோய்களுக்காக வந்திருந்த இளம்பெண்கள் சிலருக்கு ஊசிமூலம் ஏற்றினார். அவர்களுக்கு ஒன்றுங் கூறப்படவில்லை. அவருட் சிலர் பின்னர் மேகநோய் உற்றனர். செய்தி வெளிவந்ததும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. நைசருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் தேதி பிரசிய அரசு, சிகிச்சையின் பொருட்டல்லாத பரிசோதனைகளை, விளைவுகளை விளக்கிச் சம்மதம் பெறாது எவர்மீதும் செய்யலாகாது என ஆணை பிறப்பித்தது. சிறுவர்மீது அவற்றைச் செய்தல் அறவே விலக்கப்பட்டது.

அதே ஆண்டிற் கியூபாவிலே, மஞ்சட் காய்ச்சல் நுளம்பினாற் பரவுகின்றது என்பதை நிலைநாட்ட முயன்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் வால்ற்றர் றீட், தம் ஆய்வுக்கு உடன்பட்ட இசுப்பானியக் குடியேறிகளோடு எழுத்திலே ஒப்பந்தம் செய்தார். அது இசுப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பெற்றது. உயிராபத்து உண்டென்பதும் அதிற் குறிக்கப்பட்டது. ஆயினும், அதற்கென வழங்கப்பட்ட 100 டொலர்ப் பொன், வறியவர்க்குப் பெருந்தொகை. வறுமை தூண்ட அளிக்கும் சம்மதம் முழுச் சம்மதமாகுமா என்னும் வினா அன்றே தோன்றியதெனலாம். எனினும், நோயாளியின் தாய்மொழியில் அவனுக்கு உண்மையை உரைத்தல் வேண்டும் என்னும் நெறி அவ்வொப்பந்தத்திற் காணப்படுகின்றது.

இனி, வரலாற்றின் கொடிய முரண் ஒன்றை நோக்குவாம். 1931 ஆம் ஆண்டு ஜேர்மனிய உள்நாட்டமைச்சு, புதிய சிகிச்சைகள் பற்றியும் மனிதர்மீது செய்யும் பரிசோதனைகள் பற்றியும் விரிவான விதிகளை வெளியிட்டது. சம்மதமின்றிப் பரிசோதனை கூடாது. மக்களின் வறுமையைப் பயன்படுத்திப் பரிசோதனை செய்தல் கூடாது என அவை வற்புறுத்தின. இத்தகைய விதிகளைக் கொண்டிருந்த அந்நாட்டிலேயே சில்லாண்டுகளுட் சிறைமுகாம்களிலே கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தியும், நோய்க்கிருமிகளை ஏற்றியும் வைத்தியர் கொன்றனர். அவருள் 20 வைத்தியர் உட்பட 23 பேர் நியூரம்பேர்க் நகரில் அமெரிக்க நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டனர். 1947 ஆகத்து மாதம் வழங்கப்பட்ட தீர்ப்பிலே 16 பேர் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். எழுவர் மரணதண்டனை பெற்றனர். அத்தீர்ப்பினுள் அமைந்த பத்து விதிகளுள் முதலாவது, பரிசோதனைக்கு உட்படுவோனின் சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பதாகும்.

அவ்விதியை உலகுக்கு வழங்கிய நாட்டிலே அப்பொழுது நடந்துகொண்டிருந்தது யாது? அலபாமா மாநிலத்தின் மேக்கன் மாவட்டத்திலே, அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையினர் 1932 ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடக்கியிருந்தனர். சிகிச்சை பெறாத மேகநோய் உடலில் எவ்வாறு முற்றுகின்றது எனக் காண்பதே அதன் நோக்கம். நோயுற்ற 399 பேரும் நோயற்ற 201 பேருமாக 600 கறுப்பின ஆடவர் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பருத்திநிலங்களில் உழைத்த ஏழைகள். அவர்களுக்கு நோய்க்கிருமி ஏற்றப்பட்டது எனச் சிலர் கருதுவது தவறு. அவர்கள் முன்னரே நோயுற்றிருந்தவர்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கு மறைத்தலும் மறுத்தலுமாகும். நோயின் பெயர் கூறாது, ‘கெட்ட இரத்தம்’ எனப் பொதுப்படச் சொல்லினர். ஆய்வுக்காக முள்ளந்தண்டு நீரை எடுத்ததைச் சிறப்பான இலவச சிகிச்சை என எழுதி அழைத்தனர். உணவும் போக்குவரவும் கொடுத்தனர். பிரேதபரிசோதனைக்கு இசைந்த குடும்பத்தினர்க்கு ஈமச்செலவும் அளித்தனர். கறுப்பின மக்களின் கல்விக்கெனப் புக்கர் ரி. வாசிங்டன் 1881 இல் அமைத்த ரஸ்கீகிக் கல்விநிலையத்தின் வைத்தியசாலையும் இதற்குத் துணைநின்றது.

1947 ஆம் ஆண்டளவிற் பெனிசிலின் மேகநோய்க்குரிய மருந்தாக நாடெங்கும் வழங்கலாயிற்று. இவர்களுக்கோ அது வழங்கப்படவில்லை. ஆய்வு இரகசியமாகவும் நடைபெறவில்லை. 1936 ஆம் ஆண்டு முதல் வைத்தியச் சஞ்சிகைகளிலே அதன் முடிவுகள் வெளிவந்தவண்ணம் இருந்தன. வாசித்த வைத்தியருட் பெரும்பாலோர் வாளாவிருந்தனர். சுகாதார சேவையின் ஊழியரான பீற்றர் பக்ஸ்ரன் என்பவர் 1966 இல் இதனைக் கண்டித்து மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1969 இற் கூடிய குழு ஆய்வைத் தொடர்வதென்றே தீர்மானித்தது. ஈற்றில் அவர் செய்தியாளரை நாடினார். 1972 யூலை 25 ஆம் தேதி செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? விதி இல்லாமையினால் மட்டும் இத்தீங்குகள் நிகழவில்லை. ஜேர்மனியிலே விதி இருந்தது. கைதிகளை விதிக்குட்பட்ட மனிதராக எண்ணாமையே குறை. நியூரம்பேர்க்கு விதிகள் கொடியோர்க்கு உரியன, எம்போன்ற நல்லோர்க்கு அல்ல என அமெரிக்க வைத்தியர் பலர் கருதினர். பிறர்க்கென வகுத்த விதி தமக்கும் உரியது என ஒப்புக்கொள்ளாத இடத்து எவ்விதியும் ஏட்டுச் சுரைக்காயே. அன்றியும், இவ்வாய்வுகளுக்கு உட்பட்டவர்கள் எவர் என நோக்குக: வறிய பெண்கள், கைதிகள், கல்வி வாய்ப்பு இழந்த கறுப்பின மக்கள். மறுத்துரைக்க வலியற்றோரே எங்கும் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

1964 இல் உலக வைத்தியச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. ரஸ்கீகி நிகழ்ச்சியின் பயனாக 1974 இல் அமெரிக்காவிலே ஆராய்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1979 இல் வெளிவந்த பேல்மன்ற் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்றையும் ஆராய்ச்சியின் அடிப்படைகளாக நிறுவிற்று. 1997 மே 16 ஆம் தேதி சனாதிபதி கிளின்ரன், அப்பொழுது உயிரோடிருந்த சிலர் முன்னிலையில், நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். ஆய்வை நடத்தியோர் தாள்மீது தகைமையுடைய வைத்தியர்களே. அறிவு அவர்களிடம் குறைவுபடவில்லை.

இன்று வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளி ஒப்பமிடும் பத்திரம் இவ்வரலாற்றோடு தொடர்புடையது. அதனை அவன் வாசித்தறியும் மொழியிலே தந்து, ஐயம் வினவ இடமளித்து, மறுப்பதற்கும் உரிமையுண்டெனக் கூறியபின் பெறும் ஒப்பமே சம்மதமாகும். அவசரத்திற் கைநாட்டுப் பெறுதல் சம்மதமாகாது. நாளை வைத்தியராக விழையும் மாணவர் உடற்கூற்றையும் மருந்தியலையும் கற்பதோடு, அருகிருந்து எளிய சொல்லால் விளக்கும் பொறுமையையும் கற்பாராக. அப்பொறுமை உள்ள இடத்திலேதான் நோயாளி தனக்குரிய முதலிடத்தை மீளப் பெறுவான்.