சாரங்கின் ஏணியும் தளபதியின் ஏணியும்

1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. தரைப்படைக்கு 1949 ஜனவரியில் கே.எம். கரியப்பாவும், விமானப்படைக்கு 1954 ஏப்ரலில் சுப்ரதோ முகர்ஜியும் தலைவர்களாகிவிட்டனர். கடற்படையோ விடுதலைக்குப் பின்னும் ஹால், பாரி, பைசி, கார்லில் என நான்கு பிரித்தானியத் தலைவர்களை அடுத்தடுத்துக் கண்டது. இத்தாமதத்தின் வேர் 1947க்குப் பிந்தையது அன்று. கப்பலில் யார் எந்தப் படிவரை ஏறலாம் என்ற பழைய ஏற்பாட்டில் அது இருக்கிறது.

இந்தியாவில் மாலுமிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1914இல் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 லஸ்கர்கள் பணியாற்றினர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், ரத்னகிரி, கோவா போன்ற பகுதிகளிலிருந்து வந்த அவர்களுக்குள்ளும் ஒரு படிநிலை இருந்தது. கலாசியாகச் சேர்பவன் சுக்கான் பிடிக்கும் சுக்கானியாகலாம். சிறு குழுவை நடத்தும் திண்டல் ஆகலாம். நம் கடற்கரையில் தோணித் தலைவனைக் குறிக்கும் 'தண்டல்' என்ற சொல்லின் உறவுச்சொல் இது. எல்லோருக்கும் மேலே சாரங்கு. ஆள் சேர்ப்பது, வேலை பகிர்வது, சச்சரவு தீர்ப்பது எல்லாம் அவர் கையில்.

அந்த ஏணி சாரங்கோடு முடிந்தது. முப்பது ஆண்டு கடலில் கழித்த சாரங்கும், அண்மையில் சான்றிதழ் பெற்ற இளம் பிரித்தானியத் துணை அதிகாரியின் ஆணைக்குக் கட்டுப்பட்டவரே. லஸ்கர்களுக்கெனத் தனி ஒப்பந்தம், குறைந்த கூலி, குறுகிய தங்குமிடம். அனுபவம் எவ்வளவு சேர்ந்தாலும் அது அதிகாரி என்னும் தகுதியாக மாறுவதற்கு வழி இல்லை. அந்த வழி தேர்வு, சான்றிதழ், பயிற்சிக் கப்பல் ஆகியவற்றின் ஊடாகவே சென்றது. அவற்றுள் பயிற்சிக் கப்பல் இந்தியாவில் இல்லவே இல்லை.

இக்குறையை மத்தியச் சட்டமன்றத்தின் முன் வைத்தவர் சர் பி.எஸ். சிவசாமி ஐயர். இந்தியர்களைக் கப்பல் அதிகாரிகளாகவும் பொறியாளர்களாகவும் பயிற்றுவிக்க வேண்டும் என்று 1922இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக கேப்டன் ஹெட்லம் தலைமையில் அமைந்த இந்திய வணிகக் கப்பற்குழு, பயிற்சிக் கப்பல் ஒன்றைப் பரிந்துரைத்தது. படைவீரர்களை ஏற்றிச் சென்ற பழைய கப்பலான 'டஃப்ரின்' மாற்றியமைக்கப்பட்டு, 1927இல் பம்பாயில் பயிற்சிக் கப்பலாயிற்று. மறு ஆண்டு, பொறியியல் பிரிவைச் சேர்ந்த டி.என். முகர்ஜி, ராயல் இந்தியன் மரீனில் அதிகாரியான முதல் இந்தியரானார். கதவு திறந்தது இவ்விரு ஆண்டுகளில்தான்.

1911இல் செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி, டஃப்ரினின் முதல் அணி மாணவர். ஆயினும் அவர் நேராகப் போர்க்கப்பலுக்குச் செல்லவில்லை. கல்கத்தாத் துறைமுகத்தின் கீழ் ஹூக்ளி ஆற்று அளவைப் பணியில் இருந்தார். மணல்திட்டுகள் ஓயாமல் இடம்பெயரும் அந்த ஆற்றில் ஆழம் அளப்பது, வழி குறிப்பது எல்லாம் நுணுக்கமான கடல்தொழில். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது தன்னார்வ இருப்புப்படை வழியாகவே கடற்படைக்குள் நுழைந்தார். போருக்குப் பின் நிலையான பணி கிட்டியது. 1956இல் இந்தியக் கப்பற்படைப் பிரிவுக்குத் தளபதியான முதல் இந்தியரானார்; ஈராண்டு கழித்துக் கடற்படைக்கே தலைவர். அவர் பதவிக்காலத்தில்தான் 1961 மார்ச்சில் 'விக்ராந்த்' பணியில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா நடவடிக்கை நிகழ்ந்தது.

1927க்கும் 1958க்கும் இடையே 31 ஆண்டுகள். கடற்படைத் தலைவருக்குரிய அனுபவத்தைக் கப்பல் கப்பலாகத்தான் சேர்க்க முடியும். முதல் படி தாமதமாக வைக்கப்பட்டதால் கடைசிப் படியும் தாமதமாயிற்று என்பது இதன் ஒரு பாதி விளக்கம்.

மறுபாதியைக் கணக்கால் விளக்க இயலாது. 1932இல் அதிகாரியான சுப்ரதோ முகர்ஜி 22 ஆண்டுகளில் விமானப்படைத் தலைவரானார். பிரிவினைக்கு முன் இதே கடற்படையில் அதிகாரியாக இருந்த எச்.எம்.எஸ். சௌத்ரி, 1953இலேயே பாகிஸ்தான் கடற்படையின் தலைவரானார். எனவே காத்திருந்தது ஓரளவு தேவை, ஓரளவு தேர்வு. அனுபவக் குறைவு என்ற காரணம் மெய்யானது. ஆனால் அக்குறைவை உண்டாக்கியது, இந்தியர்க்கு அனுபவத்தைப் பல்லாண்டுகள் மறுத்த அதே அமைப்பு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1927இல் திறந்த கதவு, ஆங்கிலக் கல்வியும் பயிற்சிக் கட்டணம் செலுத்தும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டியது. 1946 பிப்ரவரியில் பம்பாய் 'தல்வார்' தளத்தில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சி, உணவையும் ஊதியத்தையும் மட்டுமன்றி, தங்களை இழித்துப் பேசிய அதிகாரத்தையும் எதிர்த்தது. அதிகாரியின் நிறம் மாறுவது ஒன்று. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குப் படிகள் அமைவது வேறொன்று. கட்டாரியின் உயர்வு முதலாவதின் வரலாறு. இரண்டாவதின் வரலாற்றைச் சாரங்கிலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும்.