தொழு: மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே சொல்



திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும் 2021இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காட்டின் வாசல் அது. இந்த அடிவாரத்து ஊர்களில் ஆட்டை அடைப்பது பட்டி, கோழியை மூடுவது பஞ்சாரம், மாட்டைக் கட்டுவது தொழு. மலைக்கு அந்தப் புறம் மலையாளத்தில் இதுவே ‘தொழுத்து’. கலித்தொகையின் முல்லைப் பாட்டுகளில் ஏறு தழுவும் காளைகள் விடப்படும் இடமும் தொழுதான். அவ்வளவு பழைய சொல் இது.

ஆனால் தொழுவுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு. துளையிட்ட மரத்தில் குற்றவாளியின் காலையோ கையையோ மாட்டிப் பூட்டி வைக்கும் தண்டனைக் கருவிக்கும் தொழு என்றுதான் பெயர். தொழுமரம் என்பதும் அதுவே. பக்கத்திலேயே தொழும்பு என்றால் அடிமைத்தனம், தொழும்பன் அடிமை, தொழுத்தை அடிமைப் பெண். ஒலி ஒத்திருப்பதாலேயே இவற்றுக்கு வேர் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. நம் கேள்வி வேரைப் பற்றியதல்ல, புழக்கத்தைப் பற்றியது. மாட்டைக் கட்டும் இடத்துக்கும் மனிதரைப் பூட்டும் மரத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வதில் ஒரு சமூகத்துக்கு ஏன் கூச்சம் வரவில்லை?

அந்த மரத்தில் பூட்டப்பட்டது யார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குவிதி, சிறு அடிதடி, வசவு போன்ற குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவருக்குக் கொடுத்தது. குற்றம் செய்தவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவர் ‘கீழ்ச்சாதி’ என்றால், அத்தகைய இழிவு அவருக்குத் தகாததல்ல என்று கருதினால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். குற்றம் ஒன்று, தண்டனை சாதிக்கு ஒன்று. அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்த இந்த ஊர்களுக்கும் அதுதான் சட்டம். மனுவின் ஏடு மட்டுமல்ல, கும்பெனியின் அச்சும் சாதியை எழுதியது. ஊர்ப் பொதுவிடத்தில் ஒருவரைப் பூட்டி வைப்பது அவருக்கு மட்டுமான தண்டனையல்ல, பார்த்து நிற்கும் சேரி முழுமைக்குமான எச்சரிக்கை.

சொற்களுக்குள் வரலாறு புதைந்திருக்கிறது என்பதை அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தம் இதழில் விடாமல் எழுதிக் காட்டினார். அகராதி ‘மாட்டுக்கொட்டில், தண்டனை மரம்’ என்று காற்புள்ளி வைத்து நகர்ந்துவிடுகிறது. அந்தக் காற்புள்ளிக்குள் யார் கால் இருந்தது என்று கேட்பதே நம் வேலை.

தொழுமரம் இன்றில்லை. மாட்டுத்தொழு இருக்கிறது. மாடு யாருடையது, காலையில் சாணம் அள்ளும் கை யாருடையது, அந்தக் கைக்குக் கூலி என்ன? மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாருங்கள். தொழுவின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அதுதான்.