சம்பளம் இல்லாத வேலையின் சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, 2007ஆம் ஆண்டு நமது ஹாஸ்டலுக்குத் தபாலில் வந்த ஓர் அட்டை உறைதான். நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன். உறைக்குள்ளே உபுண்டு என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சிடி. காசு கேட்கவில்லை, தபால் செலவுகூடக் கேட்கவில்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும், உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பினார்கள். (2011இல் இந்தத் திட்டம் நின்றுபோனது.) என் அறை நண்பன் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா குடுக்குறான்னா எதுலயோ கை வைக்கப் போறான்டா" என்றான்.

நியாயமான சந்தேகம்தான். சிடி அனுப்பும் செலவை தென்னாப்பிரிக்கச் செல்வந்தர் மார்க் ஷட்டில்வொர்த்தின் கனோனிக்கல் கம்பெனி ஏற்றுக்கொண்டது. சரி, உள்ளே இருந்த சாஃப்ட்வேரை எழுதியவர்கள் யார்? அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது? இதற்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயிற்று.

கதை ஒரு பிரிண்டரில் ஆரம்பிக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டர் மக்கர் செய்தபோது, அதைப் பயன்படுத்துவோருக்குத் தகவல் போகும்படி அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் புரோகிராமை மாற்றி எழுதியிருந்தார். புதியதிலும் அப்படியே செய்யலாம் என்று பார்த்தால், புரோகிராமின் சோர்ஸ் கோட் இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், முடியாது என்று சொல்லிவிட்டார் அவர்! எவனோ ஒருவன் என்றால் முணுமுணுத்துவிட்டு வந்திருப்பான். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், யார் வேண்டுமானாலும் திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர். பணம், கம்ப்யூட்டர், புரோகிராம், நேரம் எது இருந்தாலும் கொடுங்கள் என்று அந்த அறிவிப்பிலேயே கேட்டுக்கொண்டார். 1984 ஜனவரியில் வேலையையும் விட்டுவிட்டார்.

குனூவில் ஏறக்குறைய எல்லாம் தயாராகி, கெர்னல் என்ற நடுப்பகுதி மட்டும் பாக்கியிருந்த நேரத்தில்தான், 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்குக்காக ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 21. அடுத்த மாதம் வெளிவந்த முதல் லினக்ஸ் சுமார் பத்தாயிரம் வரிகள். நமது பையன்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எழுதுகிற அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 2025இல் அது நான்கு கோடி வரிகளைத் தொட்டுவிட்டது. இன்று அதில் பெரும்பங்கு கம்பெனிகளில் சம்பளம் வாங்குவோர் எழுதுவது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப வருடங்களில் அப்படி இல்லை. முன்பின் தெரியாதவர்கள் திருத்தங்களை அனுப்பினார்கள், லினஸ் படித்துப் பார்த்துச் சேர்த்தார், பிடிக்காததைத் தள்ளினார்.

1993இல் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயான் மர்டாக் டெபியன் என்ற திட்டத்தைத் தொடங்கினார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. இது முழுக்க முழுக்கத் தொண்டர்களால் நடப்பது. எங்கள் ஹாஸ்டலுக்கு வந்த உபுண்டு, இந்த டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். ஆக என் நண்பனின் கேள்விக்குப் பதில்: கை வைத்தது அவர்கள் அல்ல. அவர்கள் உழைப்பில் நாம்தான் கை வைத்திருந்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கமான கதை.

2013இல் நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு சின்ன லைப்ரரியைப் பயன்படுத்தினோம். விதவிதமாக எழுதப்பட்ட தேதிகளைப் படித்துச் சொல்வது அதன் வேலை. எழுதியவர் ஒரே ஒரு ஆள், எங்கேயோ ஐரோப்பாவில். அதில் ஒரு பிழை. நானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். "நானும் ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களித்துவிட்டேன்" என்று வீட்டில்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. இங்கே டீம் லீடர் தினமும் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறார். கடுப்பில் ஒரு ராத்திரி எழுதினேன்: பார்க்க நேரமில்லை என்றால் நேரமுள்ள யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை பதில் வந்தது. கோபமே இல்லை. நான் அனுப்பியது பிழையைச் சரிசெய்யவில்லை, மறைக்கத்தான் செய்கிறது என்று உதாரணத்தோடு விளக்கியிருந்தார். வார இறுதியில் மட்டுமே தன்னால் இதைப் பார்க்க முடிகிறது என்று கடைசியில் ஒரு வரி. சில மாதங்களில் அந்த லைப்ரரியை இனிமேல் கவனிக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். என்னைப் போல எத்தனை பேர் எழுதினார்களோ!

அடுத்த ஆண்டு, 2014 ஏப்ரலில், ஹார்ட்பிளீட் வந்தது. நீங்கள் பேங்க் வெப்சைட்டில் கொடுக்கும் பாஸ்வேர்டை வழியில் யாரும் படிக்காதபடி காப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற சாஃப்ட்வேர்தான். ஒரு தொண்டர் எழுதி அனுப்பிய புதிய வசதியில், எதிராளி சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பிவிடும் ஒரு ஓட்டை. 2011 டிசம்பர் 31 அன்று அது உள்ளே சேர்க்கப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. ஏறத்தாழ ஐந்து லட்சம் வெப்சைட்டுகளுக்கு ஆபத்து. பிறகுதான் தெரிந்தது, உலகமே நம்பியிருந்த அந்தச் சாஃப்ட்வேருக்கு வந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழு நேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர்.

ஆனாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இஸட் விவகாரம். ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஃபின்லாந்துக்காரர் ஒருவர் வருடக்கணக்காகத் தனியாகப் பார்த்துவந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒரு "தொண்டர்" வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். 2022இல் வேறு சில பெயர்களில், ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள் என்று நெருக்கும் கடிதங்கள். தனக்கு மனரீதியான சிரமங்கள் இருப்பதாகவும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் அந்த மனிதர் வெளிப்படையாகவே எழுதினார். கடைசியில் ஜியா டானிடம் பொறுப்பு போயிற்று. அந்த ஆள், சோதனைக்கான ஃபைல்களுக்குள் ஒளித்து, பிறர் சர்வருக்குள் நுழைய ஒரு கள்ளச்சாவியைச் செய்து வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற இன்ஜினீயர், சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, விடாமல் தோண்டியதால் மார்ச் 29 அன்று குட்டு வெளிப்பட்டது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேருவதற்கு முன்பே தடுத்துவிட்டார்கள்.

நெருக்கும் அந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. திருட்டு நோக்கத்தோடு எழுதப்பட்டவை அவை என்றே பலரும் கருதுகிறார்கள். 2013இல் நான் நல்ல எண்ணத்தோடு எழுதியதும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். அதைப் பெறுகிறவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். நான் பயன்படுத்தும் ஒரு சின்ன சாஃப்ட்வேருக்கு வந்திருக்கும் புகார்களை எடுத்து, என் கம்ப்யூட்டரில் அப்படி நடக்கிறதா என்று செய்து பார்த்து எழுதுவேன். புதிதாக ஒரு வரிகூட எழுதுவதில்லை. பெயர் வரும் வேலை இல்லை. "அதான் ஆபீஸ்ல அஞ்சு நாளும் இதையேதானே பாக்குறீங்க" என்று என் மனைவி கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

போன வருடம் நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் போன் செய்து, "அண்ணா, எந்த ப்ராஜெக்ட்ல சேர்ந்தா ரெஸ்யூமேல போட நல்லாருக்கும்?" என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நீ தினமும் பயன்படுத்தும் ஒன்றை எடு, அதில் பதில் கிடைக்காமல் கிடக்கும் மிகப் பழைய புகாரைத் தேடு, இன்றைக்கும் அப்படி நடக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் போனை வைத்தார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பேசினார். 2016இல் வந்த ஒரு புகாரை மூன்று விதமாகச் செய்து பார்த்து, இப்போது அந்தப் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறார். மறுநாளே அந்தப் புகாரை முடித்துவைத்துவிட்டு, "இதற்காக எட்டு வருடமாகக் காத்திருந்தேன், நன்றி" என்று பதில் போட்டிருக்கிறார் அதைக் கவனிப்பவர்.

அந்த உபுண்டு உறை இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆண்டுவிழாச் சந்திப்புக்குக் கொண்டுவருகிறேன். அன்று சந்தேகப்பட்ட அறை நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.